லாஞ்சுகளைப் படித்தவள்

என் மகள் நாலரை வயதில் தானாகவே படிக்க ஆரம்பித்துவிட்டாள் என்று நான் ஊரெல்லாம் தண்டோரா போட்ட காலம் ஒன்று உண்டு. போடாமல் எப்படி இருப்பது? ராயபுரத்தில் ஒரு சின்ன நர்சரிப் பள்ளியில் எழுத்து சொல்லித் தருகிறவள் நான். அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்காகத் தொண்டை வறளக் கத்துகிறவளுக்கு, சொந்தப் பிள்ளை சொல்லித் தராமலே படித்தால் தலைகால் புரியுமா?

அது நடந்தது காசிமேட்டுத் துறைமுகத்தில். என் வீட்டுக்காரர் அங்கே ஒரு லாஞ்சில் வேலை செய்கிறார். போனால் நாலைந்து நாள் கடலிலேயே தங்கி மீன் பிடித்துத் திரும்புவார்கள். கரையில் இருக்கும் நாட்களில் விடிந்ததும் மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போய்விடுவார். நானும் பின்னாலேயே போவேன். அந்த நேரத்தில் கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாக இருக்கும். லாஞ்சுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு தூக்கக் கலக்கத்தில் அசையும். எங்கிருந்தோ ஒரு பெரிய கப்பல் ஊதும். அது முடிந்த பிறகும் காதுக்குள் இருந்துகொண்டே இருக்கும். அவள் அப்பாவின் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, விரலை நீட்டிச் சொல்லிக்கொண்டே வருவாள்: "அலைமகள். வெற்றித்துணை. தங்கமயில்."

ஒன்றுகூடத் தப்பாது. பெயர்ப் பலகையைப் பார்ப்பேன், அவளைப் பார்ப்பேன், எனக்கு உடம்பு சிலிர்க்கும். மறுநாள் பள்ளியில் மற்ற மிஸ்களிடம் இதைத் தவிர வேறு பேச்சே இருக்காது.

பிறகு மீன்பிடித் தடைக்காலம் வந்தது. அந்த மாதங்களில் எந்த லாஞ்சும் கடலுக்குப் போகாது. எல்லாவற்றையும் சுரண்டி, ஓட்டை அடைத்து, புது பெயின்ட் அடிப்பார்கள். அந்த வருஷம் முதலாளிகள் பேசி வைத்த மாதிரி எல்லாருமே பச்சை அடித்துவிட்டார்கள். பெயர்கள் மட்டும் வெள்ளையில், முன்பைவிடப் பெரிதாக, பளிச்சென்று. மகள் அப்பாவின் தோளிலிருந்து இறங்கி, அந்தப் பச்சை வரிசைக்கு முன்னால் வெகு நேரம் நின்றாள்.

"அம்மா, யாருமே இல்ல" என்றாள்.

"பேரு எழுதிக்கீது பாரு. படி."

"எங்க?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் ஒரு எழுத்தைக்கூடப் படித்ததில்லை. நீலம் என்றால் அலைமகள். மூக்கில் ஒட்டுப்போட்டிருந்தால் வெற்றித்துணை. பக்கத்தில் மூன்று டயர் தொங்கினால் தங்கமயில். நாம் சொந்தக்காரர்களை முகம் பார்த்துச் சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். சொல்லிக் கொடுத்தது அவள் அப்பா.

வீட்டுக்கு வந்து ஆடித் தீர்த்தேன். "உம் பொண்ணு உன்ன மாதிரியே கீது!" என்றேன். இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர். எஞ்சின் சத்தத்தை வைத்தே எந்த லாஞ்சு வருகிறது என்று சொல்வார்; பஸ் போர்டைப் படிக்க வராது. அது எனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. எவராவது ஒரு காகிதத்தை நீட்டினால், கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லி என் பக்கம் தள்ளிவிடுவார். கண்ணாடி என்று ஒன்று அவரிடம் இருந்ததே கிடையாது. என் மகளும் ஆயுசு முழுக்க இல்லாத கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பாளோ என்று பயந்தேன்.

அந்தக் கோடை முழுக்க அவளை மடியில் இருத்திக்கொண்டு அடியிலிருந்து ஆரம்பித்தேன். கானா, ஙானா என்று பெயரைச் சொல்லவில்லை, சத்தத்தை மட்டும் சொன்னேன். "உதட்ட மூடு. இப்ப தெற. இன்னா சத்தம் வருது?" அவள் என் வாயையே பார்ப்பாள். காற்று உப்பாக வீசும். மின்விசிறி சுற்றும். எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து எங்கள் நடுவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போய்விடும். நேற்று வந்தது இன்று வராது. பல மத்தியானங்களில் நாங்கள் இரண்டு பேருமே பாதியில் தூங்கிப்போனோம்.

"எனக்குத்தான் எல்லா லாஞ்சும் தெரியுமே. எதுக்குப் படிக்கணும்?" என்று ஒருநாள் கேட்டாள். பள்ளியில் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். இவளுக்கு அடுத்த எழுத்தை எழுதிக் காட்டினேன்.

ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்புக்குப் போனாள். படத்தைப் பார்த்துத்தான் சொல்கிறாள், சொல்லைப் பார்ப்பதே இல்லை என்று அவளுடைய மிஸ் என்னிடமே புகார் சொன்னார். இப்படியே போனால் அடுத்த வகுப்பில் ரொம்பக் கஷ்டம் என்றும் சொன்னார். மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன்.

தடைக்காலம் முடிந்து லாஞ்சுகள் கடலுக்குப் போயின. அவருடைய லாஞ்சு முதல் தடவை போனபோதே நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டது. வேறு ஏதோ லாஞ்சு கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வருகிறது என்று வயர்லெஸ்ஸில் முதலாளிக்குத் தகவல் வந்தது. இரண்டாம் நாள் காலையில் மகளை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

மூட்டத்துக்குள்ளிருந்து முதலில் அந்த இன்னொரு லாஞ்சுதான் வெளியே வந்தது. வெளியூர் லாஞ்சு. அதுவும் பச்சைதான், ஆனால் கரையில் நின்ற யாருமே அதை அதற்கு முன் பார்த்ததில்லை. பின்னால் கயிற்றின் முனையில் எங்களுடையது, பால் குடித்த குழந்தை மாதிரி சத்தமில்லாமல் வந்தது. அவர் கரையில் குதித்தார். உடம்பெல்லாம் டீசல். மகளைத் தூக்கிக்கொண்டார். கூட வேலை செய்கிறவர்கள், முதலாளி, கயிறு பிடித்தவர்கள் என்று சுற்றிலும் ஒரே கூட்டம். அத்தனை பேர் நடுவில், குரலைக்கூடத் தாழ்த்தாமல் சொன்னார்:

"அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது கண்ணு. ரெண்டு நாளா அது பின்னாடியே வந்துகினு கீறேன், பேரு தெர்ல. யாரையாவது கேட்டா நம்ம குட்டு ஒடஞ்சிடும்னு கேக்கவும் இல்ல. நீ படிச்சி சொல்லு."

ஒருவன் சிரிக்க வாயெடுத்தான். பக்கத்தில் இருந்தவர் அவன் தோளில் கை வைத்தார்.

மகள் அந்த லாஞ்சை மேலும் கீழும் பார்த்தாள். தெரிந்த டயர் இல்லை, தெரிந்த ஒட்டு இல்லை. கடைசியில் பார்வை அந்த வெள்ளை எழுத்துகளில் வந்து நின்றது. உதட்டை மூடினாள். திறந்தாள். "ப" என்றாள். மீண்டும் பார்த்தாள். "வ." நான் என் நாக்கைக் கடித்துக்கொண்டேன், உதவிக்கு ஒரு சத்தம் கொடுத்துவிட்டால் எல்லாம் போயிற்று. மூன்றாவது எழுத்துக்கு அவள் எடுத்துக்கொண்ட நேரத்தில் எனக்கு உயிர் போய்விட்டு வந்தது.

"ள... ம்... பவளம்!"

"பவளம்" என்றார் அவர். இன்னொரு தடவையும் சொல்லிப் பார்த்தார். அந்த லாஞ்சுக்காரர்கள் மேலிருந்து கையை ஆட்டினார்கள்.

"பவளம்னா இன்னாப்பா?" என்றாள் மகள்.

பொருள் சொல்வதுதானே என் வேலை? வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அவர் முந்திக்கொண்டார்.

"அப்பாவ வூட்டுக்கு இட்டுனு வந்துச்சில்ல, அதாம்மா."