நாற்பத்தொன்றாவது சீட்டு

என் கையெழுத்து நன்றாக இருந்ததுதான் எல்லா வினைக்கும் காரணம். கருங்குழிக்குப் பக்கத்தில் எங்கள் சபையில் அப்போது நாற்பது குடும்பங்கள். வருடப் பிறப்பன்று காலை ஆராதனையில் குடும்பத்துக்கு ஒன்றாக வாக்குத்தத்தச் சீட்டு கொடுப்பார்கள். அந்த வருடத்துக்கென்று கடவுள் அந்த வீட்டுக்குச் சொல்லும் வசனம் அதில் இருக்கும். மற்ற சபைகளில் அச்சடித்த சீட்டு வாங்கினார்கள். ஐயர் என்று நாங்கள் கூப்பிடும் எங்கள் போதகர் சிக்கனக்காரர். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, வெள்ளையாக இருந்த பின்பக்கத்தில் வசனம் எழுதும் வேலையை, ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என்னிடம் கொடுத்தார். சீட்டுகளைத் தட்டில் கவிழ்த்து வைத்து ஏந்திப் போவதும் நான்தான். வீட்டுப் பெரியவர் கண்ணை மூடி ஒன்றை எடுத்து, எழுந்து நின்று உரக்க வாசிப்பார். சபை ஆமென் சொல்லும். பிறகு அந்தச் சீட்டு வருடம் முழுக்க அவர்கள் வீட்டுச் சுவரில் இருக்கும். அந்த வயதில் எனக்கு இருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல.

தொண்ணூறுகளின் கடைசி அது. அதற்கு முந்தைய கோடையில்தான் பெரியப்பா எல்லைக்கல்லை நகர்த்தியிருந்தார். தாத்தா கூலிக்கு ஏர் ஓட்டியவர். சொந்தமென்று அவர் கண்டது அரசாங்கம் கொடுத்த ஒரே ஒரு வீட்டுமனை. அதை இரண்டாகப் பிரித்து நடுவில் கல் நட்டு, பெரியப்பாவுக்குப் பாதி, நைனாவுக்குப் பாதி என்று கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக் கூடத்தில் சிலைகளுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். ஒரு சனிக்கிழமை வந்து பார்த்தால், கல் எங்கள் பக்கம் நாலடி தள்ளி நிற்கிறது. பெரியப்பாவின் புது வேனுக்குக் கொட்டகையும் எழும்பிவிட்டது.

அந்த நாலடியில்தான் நாங்கள் கக்கூஸ் கட்டுவதாக இருந்தது. அம்மாவும் நானும் விடிவதற்கு முன் எழுந்து ஏரிக்கரைக்குப் போவோம். ரோட்டில் லாரி வெளிச்சம் வந்தால் பாதியில் எழுந்து நின்றுவிட வேண்டும். அடுத்த வருடம் இந்தப் பாடு இருக்காது என்று அம்மா சொல்லியிருந்தாள். கொட்டகையைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நைனா சண்டைக்குப் போகவில்லை. "வுடு, கர்த்தர் பாத்துகினு கீறாரு" என்றார்.

"ஆமா, பாத்துகினேதான் கீறாரு" என்றாள் அம்மா.

அதன் பிறகு பெரியப்பாவுக்குத் தொட்டதெல்லாம் துலங்கியது. ஒரு வேன் இரண்டானது. வீட்டுக்கு மாடி வந்தது. சபைக்கு மைக் செட் வாங்கிக் கொடுத்ததில் முன்வரிசையில் இடமும் கிடைத்தது. மழை நாட்களில் எங்களையும் அந்த வேனில்தான் ஆலயத்துக்கு ஏற்றிப் போனார். அம்மா மட்டும் குடை பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். ஞாயிறு பள்ளியில் பார்வோனுக்கு வாதை, சோதோமுக்கு நெருப்பு என்று படித்துக்கொண்டிருந்தேன். பெரியப்பாவுக்கோ ஒரு ஜலதோஷம்கூட வரவில்லை.

டிசம்பரில் போதகர் கொடுத்த பட்டியலில் இருந்தது எல்லாம் ஆசீர்வாதம். அதில் ஒன்று பெரியப்பாவுக்கும் போகுமே என்று எனக்கு வயிறு எரிந்தது. வேதாகமத்தைப் புரட்டினேன். அடுத்தவனுடைய எல்லைக்கல்லைத் தள்ளி வைக்கிறவனைச் சபிக்கிற வசனம் ஒன்று மோசேயின் காலத்திலேயே இருந்தது. கடவுளுக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்கிறது, ஞாபகப்படுத்தத்தான் ஆளில்லை என்று நினைத்துக்கொண்டேன். நாற்பது சீட்டும் எழுதி முடித்த பிறகு, என் கையெழுத்திலேயே ஆக அழகாக அதையும் எழுதினேன்.

வருடப் பிறப்பன்று தட்டு நாங்கள் உட்காரும் பின்வரிசையிலிருந்துதான் கிளம்பும். நைனா கண்ணை இறுக மூடி, தட்டின் நடுவிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். அநியாயம் செய்யப்பட்டவனுக்காகக் கர்த்தரே நின்று வழக்காடுவார் என்ற வசனம் அவருக்கு வந்தது. வாசித்து முடித்ததும் சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அம்மாகூட முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. சத்தியமாக அதில் என் கைவேலை எதுவும் இல்லை.

முன்வரிசையில் பெரியப்பா ஒருநாளும் பொறுக்கி எடுக்க மாட்டார், மேலே இருப்பதை லபக்கென்று எடுத்துவிடுவார். என் கட்டைவிரலுக்கு அடியில் பதுக்கியிருந்த சீட்டை மேலே தள்ளினேன். எடுத்துக்கொண்டு எழுந்தார். அவரே வாங்கிக் கொடுத்த மைக்கில், அந்தச் சாபத்தை முழுக்க வாசித்தார். போதகர் தன் பட்டியலைத் தேடினார்.

பெரியப்பா அழுதார். பிறகு இரண்டு கையையும் உயர்த்தி, "யப்பா, என் கொற ஒனக்குத் தெரிஞ்சிகீதே" என்றார். அவர் வீட்டுக் கொல்லைப்புறம் மனை போட்டு விற்கிற ஆள் ஒருவன் அவர் இடத்தில் ஓரடி உள்ளே வந்து போஸ்ட் நட்டிருந்தானாம். மூன்று மாதமாகத் தூக்கமில்லையாம். யாருக்கும் சொல்லாததைக் கடவுள் சொல்லிவிட்டாராம். சபை மொத்தமும் ஆமென் என்றது. பக்கத்து மனையில் நாலடி விழுங்கிய மனிதருக்கு அந்த வசனம் தனக்கும் பொருந்தும் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் வருவதற்குள் அந்த ஆள் போஸ்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். பெரியப்பா சீட்டுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, நன்றி ஜெபக் கூட்டம் வைத்து, எல்லோருக்கும் பிரியாணி போட்டார். நானும் தின்றேன். கூட்டம் முடிந்ததும் போதகர் நைனாவை ஓரமாகக் கூப்பிட்டார். அந்த வசனம் தன் பட்டியலிலேயே இல்லை என்றும், அன்றைக்குத் தட்டில் ஒரு சீட்டு மிஞ்சியது என்றும் சொன்னார். எல்லோர் முன்னிலும் கேட்டால் குடும்ப மானம் போகுமே என்று இத்தனை நாள் பேசாமல் இருந்தாராம். மைக் செட்டைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் வாசலுக்கு வந்ததும் நைனா என்னை நிறுத்தினார்.

"அந்தச் சீட்ட நீயா எழுதுன?"

தலையாட்டினேன். கன்னத்தில் ஒன்று விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை.

"நம்ம சீட்டு?"

"அது ஐயரு குடுத்த லிஸ்ட்லயே இருந்துச்சு நைனா."

"அத கேக்கல. எங் கைக்கு வர்ற மாரி நீ தள்ளி வச்சியா?"

"இல்ல நைனா. நீயாதான் எடுத்த."

"நெசமா?"

"நெசமா."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போனார். அதுவரை சனிக்கிழமை வந்ததும் கல் தூசியோடு அந்தச் சீட்டின் முன் நின்று ஒருதரம் வாசித்துவிட்டுத்தான் குளிக்கப் போவார். அடுத்த சனிக்கிழமை வந்தார், நேராகக் குளிக்கப் போனார். அதற்கடுத்த சனிக்கிழமையும் அப்படியே. வேலை அதிகம் போலிருக்கிறது, களைத்திருக்கிறார் என்று நினைத்தேன். அடி விழாமல் தப்பித்ததில் எனக்குச் சந்தோஷம் வேறு.

அந்த நாலடி இன்றைக்கும் பெரியப்பா வீட்டோடுதான் இருக்கிறது. அதைக்கூட நைனா தாங்கிக்கொண்டார். அன்று வாசலில் நான் சொன்னது முழு உண்மை. அதை நம்புவதற்கு அவருக்கு ஒரு வழியையும் நான் மிச்சம் வைக்கவில்லை என்பதுதான் எனக்கு அப்போது தெரியவில்லை.