ஐந்தாம் தட்டில் நின்ற கால்

"பலகை மேல நிக்கும்போது வாயைத் திறந்தா இறக்கி விட்டுடுவேன்" என்று அக்கா புருஷன் எல்லார் முன்னாலும் சொன்னதை ரேடியோ இன்றுவரை மறக்கவில்லை. ஓயாமல் பேசுகிறான் என்று அந்தப் பட்டப்பெயரே அவர் வைத்ததுதான். சாரம் கட்டிக் கட்டித் தலை பாதி நரைத்தாச்சு, இன்னும் மணல் லாரி டிரைவர்கூட அவனை "என்ன ரேடியோ" என்றுதான் கூப்பிடுகிறான். அது உள்ளே முள்ளாகவே கிடந்தது.

ஆனால் மாமாவின் வேலையைக் குறை சொல்ல வாய் வராது. அவரைப் பூனை என்பார்கள். கட்டடத்தை ஒட்டி நிற்கும் சாரத்தில், ஒற்றைப் பலகை மேல், தோளில் இரும்புக் குழாயோடு போவார். குனிந்து காலைப் பார்த்ததே கிடையாது. பார்வை இரண்டு எட்டு முன்னால் போய் விழும். கால் பின்னாலேயே வந்து அங்கே உட்காரும்.

போன மழைக்காலத்தில் அவருக்கு மூளையில் சின்ன அடைப்பு. தேறியதும் ஆஸ்பத்திரி வராந்தாவில் விறுவிறுவென்று நடந்து காட்டினார்.

"நடை நல்லா இருக்கு," என்றார் டாக்டர். "ஆனா சமதரையில நடக்க மூளை ரொம்ப மெனக்கெட வேண்டாம். முதுகுத்தண்டே முக்கால்வாசி ஓட்டிடும். கண்ணால பார்த்து, இங்கதான் வைக்கணும்னு வைக்கும்போதுதான் மூளைக்கு ஒவ்வொரு எட்டுக்கும் வேலை. உங்களுக்கு அடைச்சது அந்த இடத்துல. உயரத்துல ஏறாதீங்க."

வெளியே வந்ததும் மாமா, "இத்தனை நாள் நடந்தது நான் இல்லையாம், முதுகுத்தண்டாம்!" என்று சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. "அவர் ஏறினா உன்னைத்தான்டா கேப்பேன்," என்றாள் தம்பி ரேடியோவிடம்.

சாரக்காரர்களுக்குள் ஒரு வழக்கம். நோயில் படுத்து எழுந்து வருகிறவன், தரையில் கிடத்திய ஏணியின் படிகளுக்கு நடுவே கால் வைத்துக் கடக்க வேண்டும். படியில் கால் பட்டால் கீழ்வேலைதான். மாமா தடதடவென்று கடந்தார். எல்லாரும் கைதட்டினார்கள், ரேடியோவும் தட்டினான். ஏணிப்படி எல்லாம் ஒரே இடைவெளி, முதல் எட்டைச் சரியாக வைத்தால் மிச்சம் தாளத்திலேயே ஓடிவிடும் என்று ஒருத்தனுக்கும் உறைக்கவில்லை.

ஏணியைக் கடந்தவரை மேலே ஏற வேண்டாமென்று யாரும் தடுக்கவில்லை. அன்று சாரம் பிரிக்கிற வேலை. ஐந்தாம் தட்டில் பலகையைப் பாதி எடுத்தாச்சு. கைப்பிடிக் குழாயும் போயாச்சு, பாதுகாப்பு பெல்ட்டை மாட்ட இடமில்லை. அந்த மூலைக்குப் போகக் குறுக்குக் குழாய்கள்தான் வழி. ஒன்று கிட்ட, ஒன்று எட்ட. மாமா முன்னால் போனார். ரேடியோ பின்னால்.

நடுவில் மாமா நின்றார். இடது கை செங்குத்தாக நின்ற நெட்டுக்குழாயைப் பிடித்திருந்தது. வலது கால் இறங்கியது, குழாயைத் தவறவிட்டுக் காற்றில் துழாவியது, வெடுக்கென்று மேலே வந்தது. மாமா குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரேடியோ எடுத்த அடியை நிறுத்தினான். கத்தினால் திரும்புவார், திரும்பினால் போச்சு. பழகின வாய் தானாகவே பூட்டிக்கொண்டது.

"மாப்ளே." மாமாவின் குரல் நூலாக வந்தது. "குழாய் தெரியுது. கால்தான் அங்க போக மாட்டேங்குது. பேசு."

"மாமா?"

"பேசுடா! நீ பார்த்துச் சொல்லு."

"வலது கால்... ஒரு சாண் முன்னாடி. இல்ல இல்ல, செவுத்துப் பக்கம் கொஞ்சம். இறக்கு. பட்டுச்சா?"

"பட்டுச்சு. என்ன, ஒருமையில பேசற?"

"கீழ போய் அடிங்க. இப்ப பாரத்தைப் போடுங்க. அடுத்தது எட்டம், நல்லா நீட்டணும்... இன்னும்... இன்னும் கொஞ்சம்... அவ்வளவுதான்."

ஒவ்வொரு குழாயாகக் கடந்ததும் பலகை வந்தது. மாமா நெட்டுக்குழாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கீழே இறங்க ஏணி ஏணியாக மிச்சம் இருந்தது. ரேடியோவுக்கு நாக்கு வறண்டு பேச்சு நின்றுபோனது.

மாமா ஏணியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தரையில கால் படற வரைக்கும் வாயை மூடாதே, மாப்ளே."