சம்பந்தி விருந்தும் கால் கட்டைவிரலும்

ஐம்பது வயது தாண்டும் வரை என் கால் கட்டைவிரலைப் பற்றி நான் நினைத்ததே இல்லை. ஒருநாள் காலை அது சிவந்து வீங்கி நின்றது. போர்வை உரசினால்கூட உயிர் போனது. கம்பைநல்லூரில் உரக்கடை வைத்திருக்கிறேன். கடையில் ஏதோ மூட்டை இடறியிருக்கும் என்று தைலம் தேய்த்துப் பார்த்தேன். தேய்த்த கையை நானே அடிக்காத குறை.

தருமபுரி டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "யூரிக் ஆசிட் ஏறிக் கெடக்குதுங்க. கௌட்டு" என்றார். மாத்திரை எழுதினார். ஆட்டுக்கறி, ஈரல், குடல், பீர் என்று நான் ஆசைப்பட்டுத் தின்பதையெல்லாம் யாரோ முன்கூட்டியே போட்டுக் கொடுத்ததுபோல் வரிசையாகச் சொல்லி நிறுத்தச் சொன்னார். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், நடக்க வேண்டும், தொப்பையைக் குறைக்க வேண்டும்.

வீட்டில் இதெல்லாம் பெரிய பாடாக இல்லை. களி, கீரை, மோர் என்று என் மனைவி சமையலையே மாற்றிவிட்டாள். கல்லாவுக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டில் வந்தது. விடிந்ததும் ஏரிக்கரையில் நடந்தேன். வலி வருவது குறைந்துகொண்டே போனது. பாடெல்லாம் சம்பந்தி வீட்டில்தான்.

அந்தத் தை மாதம்தான் மகளைக் கட்டிக் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை வீடு வத்தல்மலை அடிவாரத்தில், விவசாயக் குடும்பம். எங்கள் பக்கம் சம்பந்தி வந்தால் கறி போடாமல் விடமாட்டார்கள். போட்டதைத் தின்னாமல் எழுந்தால் மனத்தாங்கல் என்று அர்த்தம். நோய் என்று சொல்லலாம்தான். அப்பனுக்கு இருந்தால் பெண்ணுக்கும் இருக்கும் என்று யாராவது கிளப்பிவிடுவார்களே. "எங்காலு சமாச்சாரம் அங்க மூச்சு வுடக் கூடாது" என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

முதல் தடவை போனபோது சனிக்கிழமை என்று தப்பித்தேன். அடுத்த தடவை கிருத்திகை. இரண்டு தடவையும் மகள் அடுப்படியை விட்டு வரவே இல்லை. தண்ணீர் கொடுத்தாள், "நல்லா இருக்கறேம்பா" என்றாள், உள்ளே போய்விட்டாள். எங்கள் வீட்டில் வாயாடி என்று பேர் வாங்கியவள் அவள். திரும்பி வரும்போது பஸ்ஸில் மனைவி அழுதாள். "புள்ள மொகமே செரியில்லைங்க. நீங்க சாப்புடாம வர்றதுக்கு அவளத்தான் குத்திக் காட்டுறாங்களோ என்னமோ."

எனக்கும் அந்தப் பயம்தான். சம்பந்திக்கு நம் மேல் என்ன கோபமோ என்று அவர்கள் கேட்டதாக உறவுக்காரர் ஒருவர் வேறு சொல்லிவிட்டுப் போனார். எனக்குத் தூக்கமே போயிற்று. வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குக் கூப்பிட்டார்கள். மாலை போட்டிருக்கிறேன் என்று பொய் சொல்லக்கூட அது மாசமில்லை. விரல் போனால் போகட்டும், பெண் நிம்மதியாக இருந்தால் போதும் என்று கிளம்பினேன்.

இலை நிறையக் கறிக்குழம்பு, ஈரல் வறுவல், குடல். சம்பந்தியும் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். வீட்டுக்காரர் உட்காராமல் விருந்தாளி கை வைக்க மாட்டான் அல்லவா. நான் ஒரு துண்டு எடுத்தேன், அவரும் ஒரு துண்டு எடுத்தார். "நல்லா சாப்புடுங்க சம்பந்தி" என்றார். "நீங்களும் சாப்புடுங்க" என்றேன். இருவரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டே மென்றோம். அவர் முகத்தில் ருசி தெரியவில்லை. என் முகத்தில் என்ன தெரிந்ததோ.

சம்பந்தியம்மா சோற்றுக் குண்டானைக் கொண்டுவந்து அவர் காலுக்குப் பக்கத்தில் வைத்தார். காலில் படவே இல்லை. மனிதர் "ஸ்ஸ்" என்று வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார். படுவதற்கு முன்பே வலிக்கும் வலி உலகத்திலேயே ஒன்றுதான் உண்டு. என்னையும் மீறிக் கேட்டுவிட்டேன்.

"எந்தக் காலுங்க சம்பந்தி?"

அவர் அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "வலதுங்க" என்றார் மெதுவாக. பிறகு என் இலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "உங்களுக்கு?"

"எடதுங்க."

சம்பந்தியம்மா கரண்டியும் கையுமாக நின்றார். "நீங்க கோவிச்சுக்கிட்டுப் போறீங்கன்னுட்டு, இன்னைக்கு எப்படியாவது கூட ஒக்காந்து சாப்டுடறேன்னு காலையிலயே மாத்திர போட்டுக்கிட்டு வந்து ஒக்காந்தாருங்க" என்றார்.

அப்போதுதான் அடுப்படியிலிருந்து என் மகள் வந்தாள். கண் கலங்கியிருந்தது, கோபமும் இருந்தது. என்னைப் பார்த்து, "உங்களுக்கு இருக்கறத இங்க சொல்லக் கூடாதுன்னீங்க" என்றாள். மாமியார் பக்கம் திரும்பி, "மாமாவுக்கு இருக்கறத அங்க சொல்லக் கூடாதுன்னீங்க அத்த" என்றாள். "யாரு வந்தாலும் எது வாயில வந்துருமோன்னு நான் அடுப்படியிலயே நின்னுக்கிட்டிருந்தேன். கௌரவம் உங்க ரெண்டு பேருக்கு, தொண்டையக் கட்டிப் போட்டது எனக்கா?"

கடைசி வார்த்தையில் குரல் நன்றாகவே ஏறிவிட்டது. கட்டிக் கொடுத்த வீட்டில், மாமனார் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, இந்தச் சத்தமா?

சம்பந்தியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இவளுக்கு இவ்ளோ பேச வருமா? வெவரம் தெரியாம ஊமைப் புள்ளையக் கட்டிட்டு வந்துட்டோம்னு நெனச்சிட்டிருந்தேன்" என்று அவளை இழுத்துத் தோளோடு அணைத்துக்கொண்டார். சம்பந்தி ஈரல் வறுவலை இலை ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு, "மோர் இருந்தா கொண்டாம்மா, எங்க ரெண்டு பேருக்கும்" என்றார். மகள் கொண்டுவந்தாள். ஊற்றிவிட்டு உள்ளே போகாமல் என் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பெற்ற பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று தெரிவதைவிட ஒரு மனுசனுக்கு வேறென்ன வேண்டும்.

ஆனாலும் தின்றது தின்றதுதானே. மறுநாள் காலை விரல் தன் வேலையைக் காட்டியது. காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு கிடந்தபோது மகள் போன் செய்தாள்.

"வீங்கிருச்சாப்பா?"

"அதெல்லாம் ஒன்னுமில்ல."

"பொய் சொல்லாதீங்க. இங்கயும் வீங்கியிருக்குது."

பின்னாலிருந்து சம்பந்தி, "நல்லாத் தண்ணி குடிக்கச் சொல்லும்மா" என்று கத்துவது கேட்டது. "மொதல்ல நீங்க குடிங்க மாமா" என்று மகள் அதட்டினாள். அப்புறம் எங்கள் இருவரையும் சேர்த்து வைத்துத் திட்ட ஆரம்பித்தாள். நான் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டே கிடந்தேன். கஞ்சியோடு வந்த மனைவி, "இந்த வலியில எதுக்குச் சிரிக்கறீங்க?" என்றாள். நான் போனை அவள் காதில் வைத்தேன்.