உமி ரூமில் படுத்த அப்பா

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் சாலை மறியல் நடந்த வருடம் அது. நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு வடக்கனந்தலில் ஒரு ரைஸ் மில்லில் வேலை. விடாத இருமல், நாலடி நடந்தால் மூச்சு வாங்கும்.

கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டர் டி.பி. என்றார். சளியைச் சோதித்த இன்னொருவர், கிருமி எதுவும் இல்லை, ஆஸ்துமாவாக இருக்கலாம் என்றார். அப்புறம் பார்த்தவரோ எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எதற்கும் டி.பி. மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்றார். கல்வராயன் மலையிலிருந்து தேன் கொண்டு வருபவர்கூட நோய்க்கு ஒரு பெயர் சொன்னார். நான் நூலகத்தில் தேடிப் படித்து, தெருவில் கேட்பவர்களுக்கெல்லாம் விளக்கம் கொடுத்துக்கொண்டு திரிந்தேன்.

அக்கா பிரசவத்துக்கு வந்திருந்தாள். பையன் பிறந்த அன்றே அப்பா பாயைச் சுருட்டிவிட்டார். "பச்சப்புள்ள இருக்கற வூட்ல நான் இருமிக்கினு கெடக்கக் கூடாது. மில்லுலயே படுத்துக்கறேன்" என்றார். எங்களுக்கும் அதுதான் சரி என்று பட்டது. எப்போதாவது வந்து வாசலில் நின்றபடியே எட்டிப் பார்ப்பார். மூக்கு யார் மாதிரி என்று அக்காவிடம் கேட்பார்.

"உன்ன மாதிரிதான், சப்பையா கீது."

சிரிக்க ஆரம்பித்து, இருமலில் முடித்து, அப்படியே திரும்பிப் போவார்.

மில்லில் படுக்கப் போனதிலிருந்து இருமல் ஜாஸ்தியானது. நோய் முற்றுகிறது என்று நினைத்தோம். பாண்டிச்சேரிக்குக் கூட்டிப் போகக் கிளம்பினால், எலவனாசூர்கோட்டை தாண்டி ரோட்டில் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் நின்றுவிட்டது. மறியலில் இருந்த ஒருவர், மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த அப்பாவிடம் தண்ணீர்ச் சொம்பை நீட்டினார். அப்பா அதைத் தொடாமல் கைகளைக் குவித்தார்.

"எனக்கு டி.பி.ப்பா. கையில ஊத்து."

"அட, வாய வச்சே குடிங்க பெரியவரே. சொம்புதான, கழுவிக்கலாம்."

அப்பா கையை எடுக்கவே இல்லை. கடைசியில் அவர் ஊற்றத்தான் வேண்டியிருந்தது.

ஊர் திரும்பினோம். வழி திறந்து நாங்கள் மறுபடி கிளம்புவதற்குள் அறுவடை வந்துவிட்டது. மில் ராவும் பகலும் ஓடியது.

அறுவடை ஓய்ந்து போனபோது பாண்டிச்சேரியில் பார்த்த டாக்டரம்மா இருமலைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. என்ன வேலை, எங்கே படுக்கிறீர்கள் என்று கேட்டார். அப்பா கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்: "மில்லுலதாங்க, உமி கொட்ற ரூம்ல. பேரனுக்கு ஒட்டிக்கக் கூடாது இல்லிங்களா?"

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். இது ஒட்டுகிற நோயே இல்லை, தூசியால் நுரையீரல் இறுகிப்போயிருக்கிறது, இனி இளகாது என்று என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். அப்பாவின் காதில் முதல் பாதிதான் விழுந்திருக்க வேண்டும்.

"அப்ப புள்ளய நான் தூக்கலாங்களா?"

வீடு வந்தும் அவரால் தூக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவரின் மடியில் அக்காதான் குழந்தையைக் கிடத்தினாள். புது முகம் என்று அவன் வீறிட்டு அழுதான். அப்பா அவன் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பொங்கலுக்கு முன்பே போய்விட்டார்.

அக்கா மகன் இப்போது தெருவெல்லாம் ஓடுகிறான். அவனைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் ஒவ்வொரு ராத்திரியும் அப்பா அந்தத் தூசிக்குள் நிம்மதியாகப் படுத்துத் தூங்கினார் என்பதை, எந்த வயதில், எப்படி அவனிடம் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.