நோகாத விரல்

மாதர் சங்கத்துக்காக மேசைவிரிப்பு ஒன்று தைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளைத் துணியில் சிவப்பாக ஒரு பொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. நூல்தான் சாயம் விடுகிறதாக்கும் என்று தேடினேன். பார்த்தால், மெஷின் ஊசி என் இடது சுண்டுவிரலின் ஓரத்தைத் துளைத்துக்கொண்டு போயிருந்தது.

கணவர் ஓடிவந்து விரலைத் துணியால் சுற்றினார்.

"உனக்கு நோகல்லையா?"

"நோகுதுதான்" என்றேன். அது பொய். ஒன்றுமே தெரியவில்லை.

முழங்கைக்குக் கீழே ஒரு வெளிறிய திட்டு வந்து அப்போது ஒரு வருடமாகியிருந்தது. தேமல் என்று சொல்லிக்கொண்டு களிம்பு பூசினேன். அதன்மேல் எறும்பு ஊர்ந்தால் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். என் அம்மாவின் அக்காவுக்கும் அப்படித்தான் தொடங்கியதாம். அவரைத் தோணியில் ஏற்றி வாவிக்குள் இருக்கிற தீவு ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். செத்துப்போனாள் என்று ஊருக்குச் சொன்னார்கள். பல வருடங்கள் கழித்து உண்மையிலேயே இறந்த செய்தி வந்தபோது வீட்டில் யாரும் அழவில்லை.

எங்கள் அடுப்படி ஜன்னலில் நின்றால் அந்தத் தீவு தெரியும். கறுத்த பச்சைக் கோடு போல, தண்ணீருக்கு மேல் அசையாமல் கிடக்கும். அந்த ஜன்னலைச் சாத்தியே வைத்தேன்.

முழுக்கைச் சட்டைகளாகத் தைத்துப் போட்டேன். எனக்கென்று ஒரு கோப்பை, ஒரு துவாய் ஒதுக்கினேன். ஒவ்வொரு நாளும் முழங்காலில் நின்று, இந்தத் திட்டை மறையப்பண்ணும் ஆண்டவரே என்று கேட்டேன். அது பெருத்துக்கொண்டே போனது. சுண்டுவிரல் மெல்ல உள்ளே மடங்கத் தொடங்கியது.

அந்த நேரம்தான் என் மகளுக்குக் குழந்தை பிறந்தது. ஆசுபத்திரியில் அவள் பிள்ளையை என்னிடம் நீட்டினாள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"தடிமனும் தும்மலுமா இருக்கு மகள். புள்ளைக்குத் தொத்திரும்."

மூன்றாம் முறையும் அப்படிச் சொன்னபோது அவள் முகம் இறுகியது.

"உங்களுக்கு இன்னும் கோவம் ஆறல்ல. அதுதானே அம்மா?"

மருமகன் சைவக் குடும்பம். கல்யாணம் எங்கள் தேவாலயத்தில் நடக்கவில்லை. எனக்கு அதில் மனத்தாங்கல் இருந்தது உண்மை. ஆனால் அது எப்போதோ போய்விட்டது. இல்லை மகள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. பிறகு அவள் பிள்ளையோடு வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். இன்றைக்கும் அந்த வியாதியைவிட இதை நினைத்துத்தான் அதிகம் கூசுகிறேன்.

மாரி தொடங்கிய ஒரு பின்னேரம் மாதர் சங்கக் கூட்டம். வெளியே மழை இருட்டிக்கொண்டு நின்றது. வேதம் வாசிப்பது என் முறை. சங்கத்தில் தந்த தாளில் குறித்திருந்த பகுதியைத் திறந்தேன். குஷ்டரோகி ஒருவன் இயேசுவிடம் வருகிற இடம். யாருக்கோ தெரிந்துவிட்டது, வேண்டுமென்றே எனக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லோரும் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

வாசித்தேன். நூறு தரம் கேட்ட கதைதான். அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது: அவர் கையை நீட்டி அவனைத் தொட்டபோது அவன் இன்னும் சுகமாகவில்லை. வியாதியோடுதான் நின்றான். சுகம் அதற்குப் பிறகுதான் வந்தது. நானோ முதலில் திட்டு மறையட்டும், பிறகு உம்மிடம் வருகிறேன் என்பது போல ஒரு வருடமாக ஜெபித்திருந்தேன்.

அதற்குமேல் வரிகள் தெரியவில்லை. புத்தகத்தை வைத்துவிட்டு, சட்டைக் கையின் பொத்தானைக் கழற்றினேன்.

"இது எனக்கும் இருக்குப் போல" என்றேன். "ஊசி ஏறினாலும் நோகல்ல."

மழை கூரையில் விழத் தொடங்கியது. பக்கத்தில் இருந்தவ கதிரையை இழுத்து நகர்த்தினா. இன்னொருத்தி, பத்து வருடமாக என்னிடம் சட்டை தைக்கக் கொடுக்கிறவ, பையை எடுத்துக்கொண்டு மழைக்குள்ளேயே இறங்கிப் போனா. எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் அந்தப் பயத்தில் ஒளிக்க ஒன்றும் மிச்சமில்லை.

போதகரின் மனைவி எழுந்து வந்து, மடங்கிய விரலோடு என் கையைப் பிடித்தா.

"நாளைக்கு ஆசுபத்திரிக்குப் போவம் அக்கா. நானும் வாறன்."

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன்.

"ஊசி குத்தின அண்டே இதுவா இருக்குமெண்டு நினைச்சன். நீயாச் சொல்லட்டும் எண்டு இருந்தன்" என்றார். "எனக்கும் பயம்தான்."

வைத்தியர் இளம் பெண். இறகு போன்ற ஒன்றால் திட்டைத் தடவி, எப்போது தொடுகிறேன் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொன்னா. என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு வருடக் குளிசை தந்தா. மருந்து தொடங்கினால் மற்றவர்களுக்குத் தொற்றும் என்று பயப்படத் தேவையில்லை, தீவுக்கெல்லாம் யாரும் அனுப்பமாட்டார்கள் என்றா. "விரல்தான் அம்மா... கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம்." முதல் குளிசை போட்ட அன்று சிறுநீர் சிவப்பாகப் போனது. அப்படிப் போகும் என்று சொல்லியிருந்தும் நடுங்கிப்போனேன்.

மகளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குக் கோபம் என்று அவள் நினைப்பது தெரிந்தும், அதையே சாட்டாக வைத்துக்கொண்டதையும் சொன்னேன். அவள் அழுதாள், திட்டினாள். இரண்டு கிழமை கழித்து, வைத்தியரிடம் தானே கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். மன்னித்தேன் என்று வாயால் சொல்லவில்லை.

குளிசை முடிந்தது. வியாதி போய்விட்டது. விரல் நிமிரவில்லை. மழைக்குள் இறங்கிப் போனவ பிறகு வரவேயில்லை.

போன மாதம் முன்பின் தெரியாத ஒரு பெண் படலையைத் தட்டினா. வெயிலில் கைக்குச் சேலைத்தலைப்பைச் சுற்றியிருந்தா. "உங்களைப் பற்றிச் சொன்னாங்க" என்றா. தலைப்பை விலக்கியபோது பார்த்தேன். நான்கு விரல்கள் மடங்கியிருந்தன. எத்தனை வருடம் சுற்றி வைத்திருந்தாவோ. அடுத்த பஸ்ஸிலேயே அவவைக் கூட்டிக்கொண்டு ஆசுபத்திரிக்குப் புறப்பட்டேன்.