புதுப் பெட்டிக்குச் சந்தனப் பொட்டு

களக்காட்டில் என் மாமா மாவு மில் வைத்திருந்தார். பிள்ளைகளா, மில் மோட்டாருக்கு இரண்டு விதக் கரண்டு வேண்டும். ஒன்று மாவு அரைக்கும். மற்றது மோட்டாருக்குள் காந்தத்தை உண்டாக்கும். அரைக்காது, லைனில் வருவதும் திரும்பிப் போவதுமாக அலையும். அந்த அலைச்சலில் வயர் சூடாகும். அதைக் குறைக்க மாமா சுவரில் புதிதாகக் கெப்பாசிட்டர் பெட்டி ஒன்றை மாட்டினார். அலைகிற கரண்டை அது பக்கத்திலிருந்தே கொடுத்து வாங்கிக்கொள்ளும். பவர் ஃபேக்டரை உயர்த்துவது என்பது இதுதான்.

“சுத்தவும் இல்ல, அரைக்கவும் இல்ல. சும்மா தொங்குத பெட்டிக்கு என்ன பவுசுலே” என்று அம்மா தன் தம்பியான மாமாவைக் கேலி செய்வாள்.

சரஸ்வதி பூஜையன்று கடைசி மாவு இறங்கியதும், ராகு காலம் வந்துவிடுமே என்ற அவசரத்தில் மெயினையும் பெட்டியின் சுவிட்சையும் அம்மாவே அமர்த்தி நிறுத்தினாள். தூசி துடைக்க மாமா பெட்டி மூடியைக் கழற்றினார். அமர்த்திய பிறகும் கெப்பாசிட்டரில் கரண்டு தங்கும்; அதை வடித்துவிடும் சின்ன ரெசிஸ்டர் உள்ளே அறுந்து கிடந்ததை மாமா பார்த்தார். பூஜை நேரத்தில் அபசகுனமாகப் பேசக் கூடாதென்று வாயைத் திறக்காமல், கரண்டு இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லாம்பை எடுக்க உள்ளே போனார்.

அம்மா மோட்டாருக்குப் பொட்டு வைத்தாள். மாவு இறங்கும் வாய்க்கு வைத்தாள். நான் குங்குமத் தட்டோடு பின்னாலேயே போனேன். சந்தனம் சொட்டும் விரல் பெட்டிக்குள் நீண்டது.

மாமா ஓடி வந்து அந்தக் கையில் ஓங்கி அடித்தார். சந்தனக் கிண்ணம் உருண்டது.

“கிறுக்கு பிடிச்சிட்டாலே உனக்கு? நல்ல நாளும் அதுவுமா அக்காவையே அடிக்கெ. எல்லாத்தையும் நாந்தான அமத்துனேன்.”

“எக்கா, தள்ளி நில்லு.”

மாமா டெஸ்ட் லாம்பின் இரு வயர்களையும் பெட்டிக்குள் வைத்தார். மெயினை அமர்த்தியிருந்தும், பெட்டியில் தங்கியிருந்த கரண்டில் பல்பு பளிச்சென்று மின்னி அணைந்தது. அம்மா அதையே பார்த்தாள். பிறகு மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். மாமா பெட்டிக்கு மாலை போடப் போனார். மாலை இரண்டு முறை நழுவி விழுந்தது.

“பைய போடுலே” என்றாள் அம்மா.

அம்மாவை அடித்தவர் நீட்டிய பொரியை நான் வாங்கவில்லை. அன்று முழுவதும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. அத்தனை கோபத்தையும் அம்மாவின் மடியில் சாய்ந்துகொண்டுதான் காட்டினேன். அந்த மடி எனக்கு எப்படி மிஞ்சியது என்று அப்போது தெரியவில்லை.