நடுவயலுக்கு ஒரு விசா

போன வாரம் பெருமாட்டி கிராமத்தில் ஒரு சர்வதேசப் பிரச்னையைத் தீர்த்து வைக்கப் போனேன். நாடுகள் இரண்டு. ஒன்று, என் மாமா சின்னச்சாமியின் வயல். இன்னொன்று, அதற்கு முன்னால் ரோட்டோரம் இருக்கும் மாரப்பன் அண்ணனின் வயல்.

மாமாவின் நெல் முற்றிச் சாயத் தொடங்கிவிட்டது. வானத்தில் கருமேகம். அறுப்பு மெஷின் ரோட்டில் நிற்கிறது; இப்போது விட்டால் அடுத்த ஊருக்குப் போய்விடும். ஆனால், அது உள்ளே போக ஒரே வழி மாரப்பன் அண்ணனின் வயல்தான். அங்கே நெல் இன்னும் பச்சை — வேறு ரகம், பத்து நாள் பிந்தியது. போதாததற்கு, வரப்புத் தகராறில் இருவரும் மூன்று வருஷமாகப் பேசுவதில்லை!

கடல் இல்லாத நேபாளத்துக்குச் சரக்கு போக இந்தியா வழிவிடுவதைப் பற்றி எம்.ஏ.வில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். சும்மா இருப்பேனா?

இருவரும் பத்தடி தூரத்தில்தான் நின்றார்கள். பேச்சு மட்டும் என் வழியாக.

"அம்மணி, மெஷின் போற அகலத்துக்கு வழி உடச் சொல்லு. அழியற நெல்லுக்கு என்ற நெல்லக் குடுத்தர்றேன்."

"வரப்ப வெட்டறப்ப இந்த மரியாதை எங்க போச்சுன்னு கேளு அம்மணி!"

"நான் எங்க வெட்டுனேன்? எலி வெட்டுச்சு!"

"எலிக்கு மம்பட்டி புடிக்கத் தெரியுமான்னு கேளு!"

நான் ஐரோப்பாவை இழுத்தேன். பிரான்ஸும் ஜெர்மனியும் எத்தனை யுத்தம் போட்டார்கள்... கடைசியில் நிலக்கரியையும் எஃகையும் பொதுவில் வைத்துத்தானே சேரத் தொடங்கினார்கள்?

மாரப்பன் அண்ணன் கேட்ட மாதிரியே தெரியவில்லை. சாய்ந்து கிடந்த கதிர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். காற்றில் ஈரம் ஏறியது.

"வெளஞ்சத மழைக்குக் குடுக்க முடியுமா?" என்றவர், மெஷின்காரரைப் பார்த்துக் கையசைத்தார். "என்ற வயல்ல ஓரமா அறுத்துட்டு உள்ள போங்க. பச்சைய மாட்டுக்குப் போட்டுக்கறேன்."

மழை வருவதற்குள் மாமாவின் நெல் தார்ப்பாய்க்கு அடியில். நன்றி? அதுவும் என் மூலம்தான்!

ஒற்றுமை என்றால் கட்டிப்பிடித்து போட்டோ எடுத்துக்கொள்வது என்று நினைக்கிறோம். தெற்காசியத் தலைவர்கள் எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தே எத்தனை வருஷமாகிறது... மனசு சேரட்டும், அப்புறம் வழி விடலாம் என்றால், அதுவரை யாருடைய நெல் காத்திருக்கும்?

நேற்று மாமா வந்தார். "அம்மணி, அடுத்த போகத்துக்கு அவரு என்ன வெத போடறாருன்னு கேட்டுச் சொல்லு. ரெண்டு வயலும் ஒண்ணா வெளஞ்சா ஒரே நாள்ல அறுத்துப் போடலாமல்ல?"

போய்க் கேட்டேன்.

"ஏன், அவருக்கு வாயில்லையாமா?" என்றார் மாரப்பன் அண்ணன். கூடவே விதையின் பெயரையும் சொல்லிவிட்டார்.

பேச்சுவார்த்தை இன்னும் தொடங்கவில்லை. ஒப்பந்தம் அமலுக்கு வந்துவிட்டது!